ஒரு மணி நேரத்தில் எவ்வளவு படிகிறது?

காய்ச்சலோ மூட்டுவலியோ பல நாள் நீடித்தால் மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருகிறார். முடிவுச் சீட்டில் சர்க்கரை, ஹீமோகுளோபின் முதலியவற்றோடு 'ஈ.எஸ்.ஆர்.' என்ற மூன்று எழுத்துகளும் பல சமயங்களில் காணப்படும். அதன் எதிரே '1 மணி நேரத்தில் 45 மி.மீ.' என்பது போல ஓர் எண் இருக்கும். சர்க்கரையை மில்லிகிராமில் கூறுவது நமக்குப் புரிகிறது. ஆனால், மில்லிமீட்டர் என்பது நீளத்தை அளக்கும் அலகு அல்லவா? இரத்தச் சோதனையில் அதற்கு என்ன வேலை?

இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் கீழே படிகின்றன என்பதையே இந்த எண் கூறுகிறது. தமிழில் இதனைச் 'சிவப்பணுப் படிவு வீதம்' எனலாம். அணுக்கள் வேகமாகப் படிந்தால், உடலில் எங்கோ அழற்சி இருக்கக்கூடும் என்று மருத்துவர் கருதுகிறார். ஒரு குழாயில் அணுக்கள் படிவதற்கும், முழங்காலிலோ நுரையீரலிலோ உள்ள அழற்சிக்கும் என்ன தொடர்பு? அதை இங்கு படிப்படியாகக் காண்போம்.

சோதனை நடைபெறும் விதம்

உடலை விட்டு வெளியே வந்த இரத்தம் சில நிமிடங்களில் உறைந்துவிடும். உறைந்த இரத்தத்தில் அணுக்கள் வலையில் சிக்கிய மீன்களைப் போல அகப்பட்டுக்கொள்ளும், படிய இயலாது. ஆகவே, முதலில் இரத்தம் உறையாதபடி செய்ய வேண்டும். இதற்காக 4 பங்கு இரத்தத்துடன் 1 பங்கு சோடியம் சிட்ரேட் கரைசலைக் கலக்கின்றனர். உறைதலுக்குத் தேவையான கால்சியத்தைச் சிட்ரேட் பிடித்துவைத்துக்கொள்வதால் இரத்தம் நீர்மமாகவே இருக்கும்.

இக்கலவையை 2.5 மி.மீ. உள்விட்டமுள்ள நீண்ட கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி எடுத்து, தாங்கியில் செங்குத்தாக நிறுத்துகின்றனர். குழாயின் மேல் 0 முதல் 200 வரை மில்லிமீட்டர் கோடுகள் உள்ளன. தொடக்கத்தில் இரத்தம் 0 கோட்டில் நிற்கும். நேரம் செல்லச் செல்ல, சிவப்பணுக்கள் கீழே இறங்கும். மேலே வெளிர்மஞ்சள் நிறமான, தெளிந்த பிளாஸ்மா தோன்றும். சரியாக 1 மணி நேரம் கழித்து, தெளிந்த பகுதியின் உயரம் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்கின்றனர். அதுவே ஈ.எஸ்.ஆர்.

பொதுவாக, 50 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கு 15 மி.மீ. வரையும், பெண்களுக்கு 20 மி.மீ. வரையும் இயல்பான அளவு எனக் கொள்ளப்படுகிறது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த எல்லை முறையே 20, 30 மி.மீ. ஆக உயரும்.

தனித்த அணு ஏன் மெதுவாக இறங்குகிறது?

சிவப்பணு ஒரு சிறு தட்டைப் போன்றது; இரு பக்கமும் நடுவில் குழிந்திருக்கும். அதன் விட்டம் ஏறத்தாழ 7.5 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் சிவப்பணுக்கள் உள்ளன. சிவப்பணுவின் அடர்த்தி சுமார் 1.10, பிளாஸ்மாவின் அடர்த்தி சுமார் 1.03. அணு சற்றே கனமானது; ஆகவே அது கீழ்நோக்கி இறங்கும்.

நீர்மத்தில் மூழ்கும் சிறு உருண்டை எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற அறிஞர் 1851-இல் கணக்கிட்டுக் காட்டினார். அவருடைய விதிப்படி, உருண்டையின் ஆரம் இருமடங்கானால் வேகம் நான்கு மடங்காகும். காரணம் எளிது. ஆரம் 2 மடங்கானால் கன அளவும் எடையும் 8 மடங்காகின்றன. ஆனால், அதே வேகத்தில் செல்லும்போது நீர்மம் தரும் தடை 2 மடங்கே ஆகிறது. எட்டை இரண்டால் வகுத்தால் நான்கு.

சிவப்பணுவை ஓர் உருண்டையாகப் பாவித்து இவ்விதியைப் பயன்படுத்தினால், தனித்த ஓர் அணு 1 மணி நேரத்தில் ஏறத்தாழ 3 மி.மீ. தூரமே இறங்கும் என்று தெரிகிறது. அப்படியானால், நோயாளி ஒருவரின் இரத்தத்தில் அணுக்கள் 45 மி.மீ. இறங்கியது எப்படி? அணுவின் எடை கூடிவிட்டதா? இல்லை. அணுக்கள் தனித்தனியே இறங்கவில்லை. கூட்டமாகச் சேர்ந்து இறங்கின. 8 அணுக்கள் சேர்ந்து ஓர் உருண்டையானால் வேகம் 4 மடங்கு. 64 அணுக்கள் சேர்ந்தால் 16 மடங்கு. 3 மி.மீ. என்பது 48 மி.மீ. ஆகிவிடும். இது தோராயமான கணக்கே. எனினும், கூட்டம் சேருவதில்தான் இச்சோதனையின் இரகசியம் அடங்கியுள்ளது என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

நாணய அடுக்கு

கலங்கிய ஆற்று நீரைத் தெளிய வைக்க, பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் மிக நுண்ணியவை, எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குமாதலால், அவை சேராமல் தனித்தனியே மிதக்கின்றன. கொட்டையிலிருந்து வரும் பசைப்பொருள்கள் அவற்றை ஒன்றோடொன்று இணைக்கின்றன. துகள்கள் திரண்டு, கனத்துக் கீழே படிகின்றன.

இரத்தத்தில் நடப்பதும் இதைப் போன்றதே. சிவப்பணுவின் மேற்பரப்பில் சியாலிக் அமிலம் என்ற பொருள் உள்ளது. இதனால் ஒவ்வோர் அணுவும் எதிர்மின்னூட்டம் பெற்று, பக்கத்து அணுவை விலக்குகிறது. ஆனால், பிளாஸ்மாவில் உள்ள சில பெரிய புரதங்கள் இந்த விலக்கத்தை மீறி அணுக்களைச் சேரச் செய்கின்றன. இவற்றுள் முதன்மையானது பைப்ரினோஜன். இது நீண்டு மெலிந்த வடிவமுடைய புரதம். இரத்தம் உறையும்போது நார்வலையாக மாறுவதும் இதுவே.

இப்புரதம் அணுக்களை எவ்வாறு சேர்க்கிறது? இதற்கு இரு விளக்கங்கள் கூறப்படுகின்றன. பைப்ரினோஜன் மூலக்கூறுகள் இரு அணுக்களுக்கும் இடையே பாலம் போல நின்று இணைக்கின்றன என்பது ஒன்று. அணுக்கள் நெருங்கி வரும்போது, இடையேயுள்ள குறுகிய இடத்திலிருந்து பெரிய மூலக்கூறுகள் விலகிவிடுகின்றன; அதனால் வெளியிலுள்ள அழுத்தம் அணுக்களை நெருக்கிச் சேர்க்கிறது என்பது மற்றொன்று. எவ்வாறாயினும், தட்டையான அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, அடுக்கி வைத்த நாணயங்களைப் போலச் சேர்ந்துகொள்கின்றன. நுண்ணோக்கியில் இவ்வடுக்குகளை நன்றாகக் காணலாம்.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். அணுக்கள் அடுக்காகச் சேருவது வேறு. இரத்தம் உறைவது வேறு. உறைந்த இரத்தம் மீண்டும் பழைய நிலைக்கு வராது. அணு அடுக்கோ, குழாயை மெல்லக் குலுக்கினாலே கலைந்துவிடும். நம் உடலில் இரத்தம் வேகமாக ஓடும் குழாய்களில் இவ்வடுக்குகள் அவ்வப்போதே பிரிந்துவிடுகின்றன. இரத்தம் அசையாமல் நிற்கும்போதுதான் அவை நீண்டு வளர இயலும். ஆகவேதான் சோதனைக் குழாய் ஒரு மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும்.

அந்த ஒரு மணி நேரமும் படிதல் ஒரே சீராக நடப்பதில்லை. முதல் 10 நிமிடம் அணுக்கள் அடுக்குகளாகச் சேருகின்றன; இறக்கம் குறைவு. அடுத்த 40 நிமிடம் அடுக்குகள் விரைவாக இறங்குகின்றன. கடைசி 10 நிமிடம் அடியில் நெருக்கம் மிகுந்து வேகம் தளர்கிறது.

ஈரலுக்குச் செல்லும் செய்தி

இப்போது அழற்சிக்கு வருவோம். காலில் முள் குத்தினால் அவ்விடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கிறது. இந்நான்கும் அழற்சியின் அடையாளங்கள். கிருமிகளை அழிக்கவும், சேதமடைந்த திசுவைச் சீர்ப்படுத்தவும் உடல் மேற்கொள்ளும் முயற்சியே அழற்சி. தோலில் நடந்தால் கண்ணுக்குத் தெரியும். நுரையீரலிலோ மூட்டின் உள்ளேயோ நடந்தால் தெரியாது.

அழற்சியுள்ள இடத்தில் வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின்-6 முதலிய பொருள்களை இரத்தத்தில் விடுகின்றன. இவை ஈரலுக்குச் செய்தி கொண்டு செல்லும் தூதர்கள். செய்தி கிடைத்ததும், ஈரல் சில புரதங்களை மிகுதியாகத் தயாரிக்கத் தொடங்குகிறது. அவற்றுள் பைப்ரினோஜனும் ஒன்று. இயல்பாக 100 மி.லி. பிளாஸ்மாவில் 200 முதல் 400 மில்லிகிராம் வரை இருக்கும் இப்புரதம், கடும் அழற்சியில் இருமடங்கு, மும்மடங்காக உயர்வதுண்டு.

இனி, சங்கிலியை நீங்களே கோத்துவிடலாம். எங்கோ ஓரிடத்தில் அழற்சி, ஈரலுக்குச் செய்தி, பைப்ரினோஜன் மிகுதல், அணுக்கள் நீண்ட அடுக்குகளாகச் சேருதல், விரைந்து படிதல், சீட்டில் பெரிய எண். முழங்காலில் ஏற்பட்ட மாறுதலைக் கையிலிருந்து எடுத்த இரத்தம் கூறிவிடுவது இவ்வாறுதான்.

கண்டறிந்த வரலாறு

நோயாளிகளின் இரத்தத்தை வெளியேற்றுவதே மருத்துவமாக இருந்த காலம் ஒன்று ஐரோப்பாவில் இருந்தது. அக்கால மருத்துவர்கள் கிண்ணத்தில் பிடித்த இரத்தத்தைக் கூர்ந்து பார்ப்பார்கள். அழற்சி நோயுள்ளவர்களின் இரத்தம் உறையும்போது, மேற்பகுதியில் வெளுத்த ஏடு படிவதை அவர்கள் கண்டனர். உறைவதற்கு முன்பே சிவப்பணுக்கள் விரைந்து இறங்கிவிடுவதே இதற்குக் காரணம். ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், அவர் மறைவுக்குப் பின் 1794-இல் வெளிவந்த நூலில், இரத்தத்தையும் அழற்சியையும் பற்றி விரிவாக எழுதினார். எனினும், அப்போது இதை அளக்கும் முறை ஏதும் இல்லை.

அளவிடக்கூடிய சோதனையாக இதனை ஆக்கியவர் போலந்து நாட்டு மருத்துவர் எட்மண்ட் பியெர்நாட்ஸ்கி. வார்சா நகரில் பணியாற்றிய அவர், 1897-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். படிவு வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடும். சிவப்பணுக்கள் குறைந்த இரத்தம் விரைவாகப் படியும். பைப்ரினோஜன் மிகுந்த காய்ச்சல்களில் வேகம் கூடும். பைப்ரினோஜனை நீக்கிவிட்டால் வேகம் குறையும் என்று அவர் கூறினார். இன்று பாடநூல்களில் உள்ள கருத்துகளில் பெரும்பகுதி இதில் அடங்கிவிட்டது. ஆயினும், அக்காலத்தில் இதனைப் பலரும் பொருட்படுத்தவில்லை.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், 1918-இல், சுவீடன் நாட்டு ராபின் ஃபோரேயஸ் கருவுற்ற பெண்களின் இரத்தம் விரைவாகப் படிவதைக் கண்டார். கருவுற்றிருப்பதை அறிய இதுவே நல்ல சோதனையாகும் என முதலில் எண்ணினார். ஆனால், நோயுற்றவர்களின் இரத்தமும் அவ்வாறே படிந்தது! ஒரு நோக்கத்துடன் தொடங்கிய ஆராய்ச்சி வேறொரு பயனைத் தந்தது. 1921-இல் அதே நாட்டு ஆல்ஃப் வெஸ்டர்கிரென், காசநோயாளிகளின் நிலையை அறிய இதனைப் பயன்படுத்தி, சோதனை முறையைச் சீர்ப்படுத்தினார். நாம் மேலே கண்ட நீண்ட குழாய் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1973-இல் உலகளாவிய இரத்தவியல் தரக் குழு இதனையே தர முறையாகப் பரிந்துரைத்தது. போலந்து மக்கள் மட்டும் இன்றும் இச்சோதனையைப் 'பியெர்நாட்ஸ்கி சோதனை' என்றே அழைக்கின்றனர்.

எண் கூறுவதும் கூறாததும்

தொலைவில் புகை தெரிந்தால், அங்கே நெருப்பு இருக்கிறது என்று ஊகிக்கிறோம். எரிவது அடுப்பா, வைக்கோற்போரா என்பதைப் புகையைக் கொண்டு மட்டும் கூற இயலாது. ஈ.எஸ்.ஆர். அத்தகைய புகை. காசநோய், ருமாட்டிக் காய்ச்சல், மூட்டு அழற்சி, புற்றுநோய் எனப் பல நோய்களில் அது உயரும். எந்த நோய் என்பதை அது கூறாது. காசநோயை உறுதிசெய்யச் சளியில் கிருமி உள்ளதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

நோயே இல்லாமலும் இந்த எண் உயர்வதுண்டு. கருவுற்ற பெண்களுக்குப் பைப்ரினோஜன் இயல்பாகவே மிகுகிறது. இரத்தசோகை உள்ளவர்களுக்கும் ஈ.எஸ்.ஆர். கூடும். அணுக்கள் கீழே இறங்க வேண்டுமானால், அதே அளவு பிளாஸ்மா அவற்றின் இடையே மேலே ஏற வேண்டும். குறுகிய படிக்கட்டில் ஏறுவோரும் இறங்குவோரும் எதிர்ப்பட்டால் நெரிசல் ஏற்படுகிறது அல்லவா? அணுக்களின் எண்ணிக்கை குறைந்தால் நெரிசல் குறைகிறது, இறக்கம் விரைவாகிறது. குழாய் சற்றுச் சாய்ந்திருந்தாலும் எண் கூடிவிடும். 3 பாகைச் சாய்வே 30 விழுக்காடு வரை பிழை தரக்கூடும்.

மறுபக்கமும் உண்டு. நோய் இருந்தும் எண் இயல்பாக இருக்கக்கூடும். ஆகவே, ஈ.எஸ்.ஆர். குறைவாக உள்ளது என்று நோயை அலட்சியம் செய்வதும் தவறு. கூடுதலாக உள்ளது என்று அஞ்சி, மருத்துவரைக் கேளாமல் மருந்து உண்பதும் தவறு.

அப்படியானால், நிச்சயமாக எதையும் கூறாத சோதனையால் என்ன பயன்? நெற்றிப்பொட்டுத் தமனி அழற்சி என்று ஒரு நோய் உண்டு. இது வட ஐரோப்பிய மரபினரிடையே மிகுதி, இந்தியாவில் அரிது. 50 வயதைக் கடந்தவர்களுக்கே இது வருகிறது. புதிதாகத் தலைவலி தோன்றும். தலை சீவும்போது வலிக்கும். உணவை மெல்லும்போது தாடை நோகும். கவனியாமல் விட்டால், கண்ணுக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டுப் பார்வை திடீரெனப் பறிபோகலாம். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. இந்நோயில் ஈ.எஸ்.ஆர். பெரும்பாலும் 50 மி.மீ.க்கு மேல், சிலருக்கு 100 மி.மீ. அளவுக்கும் உயர்ந்துவிடும். இந்த அறிகுறிகளோடு இந்த எண்ணும் சேர்ந்துவிட்டால், மருத்துவர் மற்றச் சோதனைகளின் முடிவுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கிவிடுகிறார். நோயாளியின் கண் பிழைக்கிறது. எண் தனித்து நிற்கும்போது பொருள் குறைவு. நோயாளியின் குறிகளோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது பேசுகிறது.

நாட்பட்ட மூட்டு அழற்சியில், மருந்து வேலை செய்கிறதா என்பதை அறியவும் ஈ.எஸ்.ஆர். உதவுகிறது. மாதந்தோறும் எண் இறங்கிவந்தால் அழற்சி தணிகிறது என்று கொள்ளலாம்.

புதிய துணை

1930-இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் வில்லியம் டில்லட், தாமஸ் பிரான்சிஸ் ஆகிய இருவரும் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் ஒரு புதிய பொருளைக் கண்டனர். இன்று அது 'சி.ஆர்.பி.' என்ற புரதமாக அறியப்படுகிறது. அழற்சி தோன்றிய சில மணி நேரத்திலேயே இது உயர்கிறது. அழற்சி தணிந்ததும் விரைவில் குறைகிறது. இதன் அளவு பாதியாகக் குறைய 19 மணி நேரமே ஆகும். பைப்ரினோஜனுக்கோ ஏறத்தாழ 4 நாள் ஆகும். ஆகவே, ஈ.எஸ்.ஆர். உயர ஓரிரு நாளும், இறங்கச் சில வாரங்களும் பிடிக்கின்றன. திடீர் நோய்களில் சி.ஆர்.பி.யும், நாட்பட்ட நோய்களில் ஈ.எஸ்.ஆருமாக, இரண்டையும் மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். ஒளியைச் செலுத்தி, அணுக்கள் அடுக்காகச் சேரும் வேகத்தைச் சில விநாடிகளில் அளந்து முடிவு கூறும் கருவிகளும் இன்று உள்ளன.

செய்து பாருங்கள்

இச்சோதனைகளுக்கு இரத்தம் வேண்டா. இரத்தத்தை வீட்டிலோ பள்ளியிலோ கையாளவும் கூடாது.

1. களிமண்ணைக் கரைத்த கலங்கல் நீரை இரு கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் சிறிது படிகாரத் தூளைச் சேர்த்து, இரண்டையும் கலக்கி வையுங்கள். எதில் முதலில் தெளிகிறது? துகள்கள் திரளுவதைப் பார்க்க முடிகிறதா?

2. ஒரே அளவான இரு சோதனைக் குழாய்களில், நுண்ணிய சுண்ணக்கட்டித் தூள் கலந்த நீரைச் சம அளவில் நிரப்பி அடைத்துக் குலுக்குங்கள். ஒன்றை நேராகவும், மற்றதைச் சாய்வாகவும் நிறுத்துங்கள். சாய்ந்த குழாயில் விரைவில் தெளிவதைக் காண்பீர்கள். அங்கே துகள்கள் அடிவரை இறங்க வேண்டியதில்லை. கீழ்ப்பக்கச் சுவரைத் தொட்டதும் அதன் வழியே சறுக்கிச் செல்கின்றன. ஏ. ஈ. பாய்காட் என்பவர் 1920-இல் இரத்தத்தைக் கொண்டே இதனைக் கண்டறிந்தார்.

விடை காணுங்கள்

(அ) அரிவாள் வடிவச் சிவப்பணுக்கள் உடைய ஒருவருக்குக் கடும் அழற்சி உள்ளது. ஆனால் ஈ.எஸ்.ஆர். குறைவாகவே உள்ளது. ஏன்?

(ஆ) நிமோனியா குணமான ஒருவருக்குச் சி.ஆர்.பி. இயல்பாகிவிட்டது, ஈ.எஸ்.ஆர். இன்னும் உயர்ந்தே உள்ளது. நோய் திரும்பிவிட்டது என்று கொள்ளலாமா?

விடைகள்: (அ) வளைந்த அணுக்கள் நாணயங்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ள இயலாது. (ஆ) அவ்வாறு கொள்ள வேண்டியதில்லை. பைப்ரினோஜன் மெதுவாகவே குறைவதால், ஈ.எஸ்.ஆர். இறங்க மேலும் சில வாரங்கள் ஆகும்.